முதலில் இடி, பிறகு முட்டை

ஜூன் 3, செவ்வாய்

மத்தியானம் மூன்று மணிக்கு இடி. நாங்கள் இருக்கும் கீழ்வீட்டில் ஐந்து நாய்கள், மனுஷி என்று பார்த்தால் நான் ஒருத்தி. இவர் வழக்கம்போல எங்கேயோ மைக்செட் கட்டப் போய்விட்டார்.

வெளியூர் போகிறவர்களின் நாய்களை வாங்கி வைத்துப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஒரு நாய் பயப்படுவது போல இன்னொரு நாய் பயந்து நான் பார்த்ததே இல்லை. இன்று நடந்ததை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

மருந்துக்கடைக்காரர் வீட்டுப் பட்டாணி ஒரு சாண் உயரம்தான் இருப்பாள். முதல் இடி விழுந்ததும் ஜன்னல் கட்டையில் ஏறி நின்று வானத்தைத் திட்ட ஆரம்பித்தாள். மூச்சு வாங்க வாங்க அரைமணி நேரம் திட்டு. மழை ஓய்ந்ததும், தான் விரட்டியதால்தான் போயிற்று என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து தண்ணீர் குடித்தாள். பெரிய மனுஷி! தையல்காரர் வீட்டுக் கறுப்பனுக்குக் கோந்து என்று நான்தான் பெயர் வைத்தேன். இடி வந்தால் என் காலோடு ஒட்டிக்கொள்வான். நான் நடந்தால் நடப்பான், நின்றால் என் பாதத்தின் மேல் உட்கார்ந்துகொள்வான். இன்று இரண்டு தடவை அவன் மேல் தடுக்கி விழப் பார்த்தேன்.

தபால் கதையே வேறு. வாடகைக் கார் ஓட்டுகிறவர் வீட்டு நாய். பயம் வந்தால் வாசலில் கிடக்கும் செருப்புகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டுபோய் தன் பாயில் அடுக்குவான். கடிக்க மாட்டான், நக்கக்கூட மாட்டான். இன்று ஏழு செருப்பு அடுக்கியிருந்தான். ஏழும் ஒற்றை.

எங்கள் மகாராணிக்குப் பதிமூன்று வயது, இரண்டு காதும் கேட்காது. வானமே இடிந்து விழுந்தாலும் குறட்டை விடுவாள்.

கடைசியாக வஸ்தாது. கணக்கு டீச்சரின் நாய், நேற்றுதான் வந்தான். முப்பத்தெட்டு கிலோ. அவன் நடந்து வந்தால் தெருவில் ஆட்கள் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். முதல் இடிக்கே காணாமல் போனான். வீடு முழுக்கத் தேடினால், துவைக்கிற அறையில் தண்ணீர் டிரம்முக்கும் சுவருக்கும் நடுவில். அத்தனை பெரிய உடம்பை அத்தனை சின்ன இடத்தில் எப்படி நுழைத்தானோ! நடுங்கிய நடுக்கத்தில் டிரம்மில் தண்ணீர் தளும்பியது. இரண்டாவது இடிக்கு எழுந்து கதவைப் பிறாண்ட ஆரம்பித்தான். பிடிக்கப் போனால் என்னைப் பார்க்கவே இல்லை, கண் என் மேல்தான் இருந்தது, ஆனால் பார்க்கவில்லை. நகத்தில் ரத்தம். மஞ்சள் தடவிக் கட்டினேன். கட்டும்போது கையை நக்கினான்.

பாவம்டா நீ.

ஜூன் 4, புதன்

டீச்சர் போனில் பேசினார். முழுக்கதையும் இன்றுதான் தெரிந்தது.

போன மாதம் மழையில் வஸ்தாது அவர்கள் வீட்டு வலைக்கதவைக் கிழித்துக்கொண்டு நாலு மாடியும் இறங்கி ஓடியிருக்கிறான். படியில் வந்த ஒரு பெரியவரை இடித்துத் தள்ளிவிட்டான். நல்லவேளை, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. துரத்திப்போன டீச்சருக்குத்தான் கணுக்காலில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. அதனால்தான் நாய் இங்கே.

அடுக்குமாடிச் சங்கத்தில் ஒரு கடிதம் கொடுத்திருக்கிறார்களாம். இனிமேல் இப்படி ஓட மாட்டான் என்று அவனைப் பார்த்துக்கொள்கிறவர் எழுதிக் கொடுத்தால்தான் திரும்ப உள்ளே விடுவார்கள். இல்லையென்றால் நாயை வேறு எங்காவது அனுப்பிவிட வேண்டும்.

"நான் எழுதணுமா?" என்றேன்.

"நீங்கதான். பொய்யா எழுதித் தர வேணாம். முடியும்னா முடியும்னு சொல்லுங்க. முடியாதுன்னா..." என்று இழுத்தார். "பொண்ணு வெளிநாடு போனதுலேருந்து இந்த வீட்ல நான் வாயைத் திறந்து பேசறது அவன்கூடத்தான்."

எனக்கு எதற்கு இந்த வம்பு? சரி என்று சொல்லிவிட்டேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை.

ஜூன் 6, வெள்ளி

நாய் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். மருந்து கொடுத்துத் தூங்க வைப்பது கடைசிப் பட்சம் என்றார். இடிச் சத்தத்தைப் பதிவுசெய்து மெதுவாகப் போட்டு, கூடவே பிடித்த தீனி கொடுத்து, நாளாக நாளாகச் சத்தத்தைக் கூட்டிப் பழக்கலாமாம்.

வீட்டில் வந்து சொன்னேனோ இல்லையோ, இவருக்குத் தலைகால் புரியவில்லை. இருபது வருஷமாக அடுத்தவர் வீட்டு விசேஷத்துக்கு ஸ்பீக்கர் கட்டிய மனுஷர், தன் வீட்டில் ஸ்பீக்கர் கட்டச் சான்ஸ் கிடைத்தால் விடுவாரா?

"ஏம்மா, போன்ல இருக்கிற இடி எல்லாம் டப்பா இடி. நாய் சிரிக்கும். நான் மொட்டை மாடியிலே நல்ல மைக் வச்சுப் பிடிச்சுட்டு வரேன், பாரு."

சாயங்காலம் தூறலில் குடையோடு மைக்குக்குப் பக்கத்தில் நின்றார். குடை மைக்குக்கு. இவர் நனைந்தார்.

ஜூன் 8, ஞாயிறு

இடிகளுக்கு நம்பர் போட்டுவிட்டார். ஒன்றாம் நம்பர் என்றால் பக்கத்து ஊரில் யாரோ பீரோ நகர்த்துகிற மாதிரி. பத்தாம் நம்பர் என்றால் நம் தலையில் விழுகிற மாதிரி. பத்தைப் போட்டுக் காட்டினார், அலமாரியில் தம்ளர்கள் ஆடின. மாடி வீட்டு அக்கா துணி எடுக்க ஓடிவிட்டு, வெயிலைப் பார்த்து முழித்தாராம்.

பாடம் இன்று தொடங்கியது. வஸ்தாதுக்கு ஈரல் என்றால் உயிர் என்று டீச்சர் சொல்லியிருந்தார். வேகவைத்து, சின்னச் சின்னதாக நறுக்கி, வயிறு நிறையக் கொடுத்தேன். கிண்ணத்தைச் சுவர் வரை தள்ளிக்கொண்டு போய் நக்கினான். நன்றாகச் சாப்பிட்டு முடித்த பிறகு ஒன்றாம் நம்பரைப் போடச் சொன்னேன். காது மட்டும் நிமிர்ந்தது. ஓடவில்லை.

வெறும் வயிற்றில் எதையும் தாங்க முடியாது, நாயானாலும் மனுஷனானாலும். இது எங்கள் வீட்டு வழக்கம். எந்தச் சேதியானாலும் சாப்பாடு முடிந்துதான் சொல்வோம்.

ஜூன் 11, புதன்

ஈரல். இரண்டாம் நம்பர். பரவாயில்லை. ஒரு கிலோ ஈரல் வாங்கி வைத்துவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

இன்று ஈரலைத் தொடவில்லை. முகர்ந்தான், என்னைப் பார்த்தான், போய்விட்டான். சூடா? உப்பு எதுவும் போடவில்லையே. மகாராணி வந்து சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

ஜூன் 17, செவ்வாய்

வீட்டில் சண்டை.

பாடம் ஆரம்பித்துப் பத்து நாள் ஆயிற்று. வஸ்தாது முன்னைவிட மோசமாகிவிட்டான். இடி போட்டால் ஓடினால் சரி, இடி போடாமலே ஓடுகிறான். காலையில் நான் அடுப்பில் ஈரல் வைத்தேன், அவ்வளவுதான். வாசனை வந்ததும் வால் வயிற்றுக்கடியில் போய்விட்டது. நேரே டிரம்முக்குப் பின்னால்.

"உங்க ஸ்பீக்கர்தான் காரணம். எடுத்த எடுப்பிலே பத்தாம் நம்பர் போட்டீங்களே, அன்னிக்கே அவன் மனசு விட்டுப்போச்சு" என்றேன்.

"என் ஸ்பீக்கரைச் சொல்லாதே. உன் ஈரல் கெட்டுப்போயிருக்கும்."

"மகாராணி சாப்பிட்டாளே!"

"அவ செருப்பை வேகவச்சுக் குடுத்தாலும் சாப்பிடுவா."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் படுத்தோம். கோந்து யாரிடம் ஒட்டுவது என்று தெரியாமல் நடுவில் நின்றான்.

டீச்சர் போன் செய்தார், நான் எடுக்கவில்லை. என்ன சொல்வது? உங்கள் நாயை நான் கெடுத்துவிட்டேன் என்றா? அவன் இப்போது சாப்பாட்டுக்கே பயப்படுகிறான். ஐயோ, நான் என்னதான் செய்துவிட்டேன்.

ஜூன் 18, புதன்

தெரிந்துவிட்டது! தெரிந்த விதத்தை எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். யார் படிக்கப் போகிறார்கள், எழுதுகிறேன்.

சாயங்காலம் இவர் என்னை உட்காரச் சொல்லிவிட்டுத் தானே தோசைக்கல்லைப் போட்டார். கலியாணமான நாளிலிருந்து இவர் கல்லைப் போட்டது மொத்தம் நாலு தடவை. ஒரு ஆம்லெட் வந்தது. இன்னொன்றும் வந்தது. "இன்னும் ஒண்ணு வைக்கட்டுமா?" என்று அன்பாகக் கேட்டார். எனக்குப் பயம் வந்துவிட்டது. தட்டைத் தள்ளி வைத்தேன்.

"என்ன விஷயம்? சொல்லுங்க முதல்ல."

"சாப்பிடும்மா, அப்புறம் சொல்றேன்."

"எனக்கு ஒண்ணும் வேணாம். சொல்லுங்க!"

விஷயம் இதுதான். ஜூலை பன்னிரண்டு, புதுப் பாலம் திறப்பு விழா. மைக்செட் இவருடையது. இருபத்து நாலு ஸ்பீக்கர், பெரிய கான்ட்ராக்ட். சாயங்காலம் ஏழு மணிக்கு அரைமணி நேரம் வாணவேடிக்கை. பாலம் இங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர்கூட இல்லை. அந்த அரைமணி நேரமும் இவர் அங்கே இருப்பார், நான் இங்கே ஐந்து நாய்களோடு.

கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

தட்டைப் பார்த்துப் பயந்தது யார்? நான்தானே?

சின்ன வயதில் அம்மா கூடுதலாக ஒரு கரண்டி போட்டால் எனக்குப் பகீர் என்று இருக்கும். பள்ளிக்கூடம் மாற்றியது, மாமா ஆஸ்பத்திரியில் இருந்தது, நான் வளர்த்த பூனை செத்தது, எல்லாமே நல்ல சாப்பாட்டுக்குப் பிறகுதான் சொன்னார்கள். இன்றைக்கும் யாராவது உபசாரம் பண்ணி ஊட்டினால் எனக்கு முதலில் வருவது பயம்தான். அதையே நான் அந்த வாயில்லாப் பிராணிக்குச் செய்திருக்கிறேன். முதலில் ஈரல், பிறகு இடி. பத்து நாளும் அதே வரிசை. ஈரல் வந்தால் இடி வரப்போகிறது என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

உடனே டாக்டரம்மாவுக்குப் போன். அவர் சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். "சத்தம் முதல்ல, தீனி பின்னாலேன்னு நான் பிரிச்சுச் சொல்லியிருக்கணும். நீங்க இப்படித் தலைகீழா விருந்து வச்சு இடி போடுவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" ஈரலை இனிக் கண்ணிலேயே காட்ட வேண்டாம், வேறு ஏதாவது கொடுங்கள் என்றார்.

கோபத்தில் மறந்துபோன இரண்டாவது ஆம்லெட்டை ஆறிய பிறகு சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. உப்புதான் தூக்கல்.

ஜூன் 20, வெள்ளி

முட்டைக்கு மாறினோம். வேகவைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறேன். வாசனை வராது, முன்கூட்டி எதுவும் தெரியாது. நான் சும்மா உட்கார்ந்திருப்பேன். இவர் எங்கிருந்தோ ஒன்றாம் நம்பரைப் போடுவார். சத்தம் கேட்ட பிறகுதான் நான் எழுந்து, ஃப்ரிட்ஜைத் திறந்து, முட்டையை உரித்து, கால் பங்கு அவனுக்கு.

முதல் நாளான இன்று வாங்கவில்லை. என் கையிலேயே வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன், கால் மரத்துப் போயிற்று. மிச்ச நாலு பேரும் வரிசையில் நின்று என்னைப் பார்த்தார்கள். இவனுக்கு வேண்டாம் என்றால் எங்களுக்கு என்ன குறைச்சல் என்கிற பார்வை.

ஜூன் 21, சனி

வாங்கினான்!!

ஜூன் 26, வியாழன்

நாலாம் நம்பர். டிரம் பக்கம் திரும்பினான். நின்றான். பிறகு என்னைப் பார்த்தான். இந்தத் தடவை நிஜமாகவே என்னைப் பார்த்தான்.

"உரிக்கட்டுமாடா?" என்றேன். சத்தத்துக்குப் பிறகுதானே கேட்டேன், தப்பில்லை.

ஜூலை 2, புதன்

உண்மையான இடி. இவர் பிடித்துவைத்த இடி எல்லாம் இதற்கு முன்னால் நிற்காது, அதை இவரே ஒத்துக்கொண்டார்.

வஸ்தாது ஓடிப்போய் டிரம்முக்குப் பின்னால் நுழைந்துகொண்டான். எனக்கு மனசு விட்டுப்போயிற்று. இருந்தாலும் பழக்கதோஷத்தில் ஒவ்வொரு இடிக்கும் எழுந்து ஃப்ரிட்ஜைத் திறந்தேன். பட்டாணி வானத்தைத் திட்டினாள், ஓடிவந்து முட்டை வாங்கினாள், மறுபடி போய் விட்ட இடத்திலிருந்து திட்டினாள். தபால் ஒரு செருப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு முட்டையை வாங்கிக்கொண்டு போனான். சும்மா வாங்க மாட்டானாம், துரைக்கு ரோஷம். மகாராணிக்கு இடி கேட்காது, ஆனால் நான் எழுந்திருப்பது தெரியும். நான் நாற்காலியை நகர்த்தினாலே கண்ணைத் திறந்து உதட்டை நக்குகிறாள்.

ஐந்தாவது இடிக்குத் துவைக்கிற அறை வாசலில் ஒரு மூக்கு தெரிந்தது. மூக்கு மட்டும். நான் முட்டையோடு போகவில்லை, நின்ற இடத்திலேயே நின்றேன். இடியும் அதோடு நின்றுவிட்டது. இன்னும் ஒன்று இடித்திருந்தால் வந்திருப்பான். இடியே வா என்று வேண்டிக்கொண்ட பொம்பளை இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஜூலை 8, செவ்வாய்

டீச்சருக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்கள். பதினைந்தாம் தேதி வருகிறாராம். "உங்க வார்த்தைதான்" என்றார் மறுபடியும்.

வஸ்தாது இப்போதெல்லாம் என் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் தூங்குகிறான். காலையில் கண் விழித்தால் முதலில் தெரிவது அவன் வயிறு ஏறி இறங்குவது. என் செருப்புச் சத்தம் எது, இவர் செருப்புச் சத்தம் எது என்று அவனுக்குத் தெரியும். இவர் வந்தால் வாலை ஒரு தடவை ஆட்டுகிறான். நான் வந்தால் உடம்பே ஆடுகிறது.

இங்கே தோட்டம் இருக்கிறது. படி இல்லை. சங்கம் இல்லை. கடிதம் கிடிதம் ஒன்றும் இல்லை.

சும்மா எழுதினேன்.

ஜூலை 12, சனி

பாலம் திறந்தாயிற்று. இன்றே எழுத வேண்டும்.

ஏற்பாடு இதுதான்: வாணவேடிக்கைக்கு முன்னால் இவர் மைக்கில் "செக் செக்" என்று இரண்டு தடவை சொல்வார். காற்று இந்தப் பக்கம் அடித்தால் எனக்குக் கேட்கும். கதவு ஜன்னல் எல்லாவற்றையும் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்வேன். முட்டை பன்னிரண்டு, ஃப்ரிட்ஜில்.

ஏழாக ஐந்து நிமிஷம் இருக்கும். யாரோ பேசி முடித்தார்கள், கைதட்டல் கேட்டது. பிறகு இருபத்து நாலு ஸ்பீக்கரிலும் இவர் குரல். "செக்... செக்... முட்டை ரெடியா?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஊரே கேட்டிருக்கும்! நாய்கள் நாலும் காதைத் தூக்கிக்கொண்டு வாசலைப் பார்த்தன. முதலாளி இவ்வளவு பெரிய தொண்டையோடு எங்கே நிற்கிறார் என்று அவர்களுக்குக் குழப்பம்.

அப்புறம் வெடித்தது.

இடி வேறு, இது வேறு. இடிக்கு முன்னால் காற்று வரும், இருட்டும், மண் வாசனை வரும், நாய்களுக்கு முன்பே தெரிந்துவிடும். இது திடீரென்று விசிலடித்துக்கொண்டு மேலே போய் வெடிக்கிறது. பட்டாணிக்கு எங்கே பார்த்துத் திட்டுவது என்றே புரியவில்லை. நாலு ஜன்னலுக்கும் மாறி மாறி ஓடி, கடைசியில் என்னைத் திட்டினாள். தபால் செருப்புகளை விட்டுவிட்டுத் துடைப்பத்தை இழுத்துக்கொண்டு போனான். கோந்து என் கால் மேல். எப்போதும் தூங்கும் மகாராணிகூட எழுந்துவிட்டாள். சத்தத்துக்கு இல்லை, தரை அதிர்ந்திருக்கிறது. எழுந்து சுற்றும் பார்த்துவிட்டு, நான் ஃப்ரிட்ஜ் பக்கம் போகிறேனா என்று கவனிக்க உட்கார்ந்துகொண்டாள்.

வஸ்தாது டிரம்முக்குப் பின்னால்தான் போனான். வேறென்ன எதிர்பார்த்தேன் நான்?

கதவைப் பிறாண்டும் சத்தம் வரும் என்று காத்திருந்தேன். நான் போய்ப் பிடிக்கக் கூடாது, கூப்பிடவும் கூடாது, டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஒவ்வொரு வெடிக்கும் முட்டை உரித்தேன். கையில் ஓடு ஒட்டிக்கொண்டது. இரண்டு நிமிஷம். ஐந்து நிமிஷம். வெளியே வானம் சிவப்பாகிறது, பச்சையாகிறது. நான் ஓடு உரிக்கிறேன், அழுகிறேன், பட்டாணிக்குக் கொடுக்கிறேன்.

பெரிய வெடி ஒன்று, ஜன்னல் கண்ணாடி ஆடியது. அதற்குப் பிறகு டிரம் நகரும் சத்தம்.

அவன் வந்தான். வயிறு தரையில் உரச, காது ஒட்டிப்போய், எச்சில் ஒழுக, நாலு காலும் நடுங்கிக்கொண்டே வந்தான். வாசல் கதவுக்குப் போகவில்லை. கூடத்தைத் தாண்டிச் சமையலறைக்குள் வந்து, ஃப்ரிட்ஜுக்கு முன்னால், அவன் வழக்கமாக உட்காரும் அதே தரைக்கல்லில் உட்கார்ந்தான். என்னைப் பார்த்தான்.

முழு முட்டையாகக் கொடுத்துவிட்டேன். நடுக்கத்தில் கீழே போட்டான். எடுத்துக் கொடுத்தேன். சாப்பிட்டான்.

பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பயந்தால் எங்கே வர வேண்டும் என்று தெரிந்துகொண்டான், அவ்வளவுதான். வெடி முடிகிற வரை என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முப்பத்தெட்டு கிலோவில் பாதி தலைதான் இருக்கும் போல. வலித்தது. நகரவில்லை நான்.

ஜூலை 13, ஞாயிறு

இவரை வழியில் பார்க்கிறவர்கள் எல்லாரும் "முட்டை ரெடியா?" என்று கேட்கிறார்களாம். மேடையில் இருந்த பெரிய அதிகாரி, ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றித்தான் ஏதோ சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு சந்தோஷமாகத் தலையாட்டினாராம்.

"சரி, நம்ம பய எப்படி இருந்தான்?" என்று கேட்டார்.

"பரவாயில்ல" என்றேன்.

அவன் வந்து உட்கார்ந்ததைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

ஜூலை 14, திங்கள்

கடிதம் இரண்டு எழுதினேன்.

ஒன்றில், அவனுக்கு இன்னும் பயம் இருக்கிறது, உறுதி சொல்ல முடியாது, இங்கேயே இருந்தால் நல்லது என்று எழுதினேன். ஒரு வார்த்தை பொய் இல்லை. பயம் இருக்கிறது, உண்மை. இங்கேயே இருந்தால் நல்லது, அதுவும் உண்மை. யாருக்கு நல்லது என்று எழுதவில்லை. நேற்று முன்தினம் இந்தச் சமையலறையில் நடந்தது ஐந்து நாய்களுக்கும் எனக்கும்தான் தெரியும். நாய்கள் சாட்சி சொல்லப் போவதில்லை.

அதை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கே என்னைப் பார்க்க வெட்கமாக இருந்தது. நாலாவது மாடியில் ஒரு மனுஷி ஆறு வாரமாகச் சுவரோடு பேசிக்கொண்டிருக்கிறாள். நான் இங்கே நாலு நாயும் ஒரு புருஷனும் வைத்துக்கொண்டு ஐந்தாவது நாய்க்கும் ஆசைப்படுகிறேன். சீ!

இவர் வந்து பின்னால் நின்றிருக்கிறார், நான் கவனிக்கவில்லை. இரண்டையும் படித்துவிட்டார். நேரே போய் எனக்குக் காபி போட ஆரம்பித்தார்.

"காபி வேணாம். மனசுல இருக்கிறதைச் சொல்லுங்க" என்றேன்.

"சொல்ல என்ன இருக்கு? எனக்கும்தான் அவனை அனுப்ப மனசில்ல." அடுப்பைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

முதல் கடிதத்தைக் கிழித்தேன். இரண்டாவதை இங்கே எழுதி வைக்கிறேன், நாளைக்கு மனசு மாறினால் பார்த்துக்கொள்ள: "வஸ்தாது இடிக்கும் வெடிக்கும் பயப்படுவான். ஆனால் கதவுக்குப் போக மாட்டான், சமையலறைக்கு வருவான். அப்போது அங்கே ஒரு ஆளும் ஒரு முட்டையும் இருந்தால் போதும். இதற்கு நான் பொறுப்பு."

ஜூலை 15, செவ்வாய்

டீச்சர் வந்தார். கைத்தடியோடு, மெதுவாக. உட்காருங்கள், காபி சாப்பிடுங்கள் என்று வாய் வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். வாசலிலேயே, செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே சொன்னேன்.

"அவன் வரலாம் டீச்சர். கடிதம் எழுதிட்டேன்."

அந்த அம்மா கணக்கு டீச்சர், கண்டிப்புக்குப் பேர்போனவர் என்று கேள்வி. வாசற்படியில் அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டார். வஸ்தாது வந்து மேலே விழுந்து, கைத்தடியைத் தள்ளி, முகம் முழுக்க நக்கி, அவன் தொண்டையிலிருந்து வந்த சத்தம் இருக்கிறதே, இந்த ஆறு வாரத்தில் எனக்கு ஒரு நாள்கூட அவன் அந்தச் சத்தம் போட்டதில்லை.

சரி.

அதற்குப் பிறகுதான் காபி. வரிசையைப் பத்து தடவை சொல்லிக் கொடுத்தேன். முதலில் சத்தம், பிறகு நீங்கள் எழுந்திருக்க வேண்டும், பிறகு ஃப்ரிட்ஜ், பிறகு முட்டை. மறந்தும் முந்திக்கொள்ளக் கூடாது. நோட்டில் எழுதிக்கொண்டு அடியில் இரண்டு கோடு போட்டார். ஆட்டோவில் ஏறும்போது வஸ்தாது திரும்பிப் பார்த்தான். நான் உள்ளே வந்துவிட்டேன்.

ஜூலை 16, புதன்

டிரம்மைப் பழைய இடத்துக்குத் தள்ளி வைத்தேன்.

ஜூலை 23, புதன்

கோந்து, பட்டாணி, தபால் மூவரும் அவரவர் வீட்டுக்குப் போயாயிற்று. புதிதாக ஒன்றும் வரவில்லை. தபாலின் பாயை உதறினால் என் பச்சைச் செருப்பு ஒன்று, ஒரு மாதமாகத் தேடியது.

ஆகஸ்ட் 2, சனி

மத்தியானம் இருட்டிக்கொண்டு வந்தது. வீட்டில் மகாராணி மட்டும். நான் கூடத்தில் உட்கார்ந்து போர்வை தைத்துக்கொண்டிருந்தேன். ஆற்றங்கரைப் பக்கம் ஒரு இடி. இவர் கணக்கில் ஆறாம் நம்பர் இருக்கும்.

எழுந்தேன், ஃப்ரிட்ஜைத் திறந்தேன், முட்டையை எடுத்தேன், உரித்தேன். உரித்து முடித்துக் குனிந்த பிறகுதான், அந்தக் கல் காலியாக இருப்பதைப் பார்த்தேன்.

போன் அடித்தது. டீச்சர்.

"வந்து உட்கார்ந்துட்டான்!" கத்தினார். "கதவுப் பக்கமே போகல. நடுங்கறான், ஆனா வந்துட்டான். ஃப்ரிட்ஜ் முன்னாடி உட்கார்ந்து என்னையே பார்க்கறான். நான் இன்னும் எழுந்திருக்கவே இல்ல, அவனே..."

போனுக்குள் இன்னொரு இடி. கொஞ்சம் பொறுத்து, அதே இடி என் ஜன்னலுக்கு வந்தது.

"டீச்சர், என்கிட்ட அப்புறம் பேசலாம். போனை வைங்க. முதல்ல முட்டையைக் குடுங்க அவனுக்கு!"

வைத்துவிட்டார். நான் உரித்த முட்டையோடு நின்றுகொண்டிருந்தேன். மழை பிடித்துக்கொண்டது. மாடிப்படியில் மைக்கும் குடையுமாக ஏறப்போன இவர், என்னைப் பார்த்துவிட்டு அதையெல்லாம் கீழே வைத்தார். உள்ளே வந்தார். அந்தக் கல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மகாராணி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் என் கையைப் பார்த்தார்கள்.

ஆளுக்குப் பாதி கொடுத்தேன்.